பட்டியலில் இருப்பது தேடினால் கிடைக்காதது ஏன்?

அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே முறையீட்டை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. கணினியில் பட்டியல் இருக்கிறது, கண்ணால் பார்த்தால் பெயரும் இருக்கிறது, தேடினாலோ ஃபில்டர் போட்டாலோ மட்டும் அது வருவதில்லை என்பதே அது. ஆகையால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு: ஆங்கிலச் சொல்லை (column) அப்படியே ‘காலம்’ என்று எழுதினால் நேரம் என்று பொருள்பட்டுவிடும் என்பதால், பேரேட்டில் சொல்வதுபோலவே மேலிருந்து கீழாகச் செல்வதைப் பத்தி என்றும், இடமிருந்து வலமாகச் செல்வதை வரி என்றும், இரண்டும் கூடும் இடத்தைக் கட்டம் என்றும் எழுதுகிறேன். ஃபில்டரை வடிகட்டி என்று எழுதலாம்தான். ஆனால் கடையிலும் அலுவலகத்திலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கேள்வி: மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். எந்த ஊர், எந்தப் பூ, எத்தனை கிலோ, என்ன விலை என்று ஒவ்வொரு நாளும் என் தங்கை மகன் எக்செலில் ஏற்றிவருகிறான். தை மாதத்து மல்லி வரத்தை மட்டும் பார்க்க விரும்பி ஃபில்டர் போட்டால் சில வரிகள் விடுபடுகின்றன, வேண்டாத சில வரிகள் வந்துவிடுகின்றன. அடியில் உள்ள மொத்தமோ ஃபில்டர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே தொகையைக் காட்டுகிறது. இது மென்பொருளின் பிழையா?

பதில்: மென்பொருளில் பிழை இல்லை. நீங்கள் அனுப்பியிருந்த கோப்பைப் பார்த்தபோது, பூ வகைப் பத்தியில் ‘மல்லி’, ‘மல்லிகை’, ‘குண்டுமல்லி’, ‘மதுரை மல்லி’ என்று நான்கு விதமாக ஏற்றியிருப்பதைக் கண்டேன். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூ ஒன்றுதான் என்பது சந்தையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும், எக்செலுக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அவை நான்கு வெவ்வேறு சொற்கள் என்பதால், ஃபில்டர் பட்டியலில் ‘மல்லி’ என்ற ஒன்றில் மட்டும் குறியிட்டால் மற்ற மூன்றும் மறைந்துவிடும்.

இதைச் சரிசெய்யவே உங்கள் தங்கை மகன் டெக்ஸ்ட் ஃபில்டரில் உள்ள ‘கன்டெய்ன்ஸ்’ என்பதைத் தேர்ந்து ‘மல்லி’ என்று இட்டிருக்கிறார் போலும். அது நல்ல வழிதான், ஆனால் அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் பிடித்துக்கொண்டுவிடும். ஆகவே செண்டுமல்லியும் உடன் வந்துவிட்டது. நம் ஊரில் பிச்சி என்று சொல்வதை வேறு மாவட்டத்து வாங்குநர்கள் ஜாதிமல்லி என்று எழுதுவதால் அதுவும் சேர்ந்துகொண்டது. (மளிகைக் கடைக்காரராக இருந்திருந்தால் கொத்தமல்லியும் வந்திருக்கும்.) மேலே தோன்றும் கஸ்டம் ஃபில்டர் பெட்டியில் இரண்டு நிபந்தனைகளுக்கு மட்டுமே இடம் உண்டு. ‘மல்லி’ இருக்க வேண்டும், ‘செண்டு’ இருக்கக் கூடாது என்பதோடு அது நின்றுவிடும். மூன்றாவதாக ‘ஜாதி’ கூடாது என்று சொல்ல அங்கே இடமில்லை.

அதற்கு அட்வான்ஸ்டு ஃபில்டர் வேண்டும். தாளின் ஓரத்தில் ‘பூ வகை’ என்ற தலைப்பை மூன்று கட்டங்களில் அடுத்தடுத்து எழுதி, அவற்றின் கீழே ஒரே வரியில் மூன்று நிபந்தனைகளையும் இட்டால் மூன்றும் ஒருங்கே பொருந்தும் வரிகள் மட்டும் வரும். நிபந்தனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வெவ்வேறு வரிகளில் எழுதினால் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே போதும் என்று பொருளாகிவிடும். ஒரே வரி என்றால் ‘உம்’, அடுத்த வரி என்றால் ‘அல்லது’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும் பதிலாக நிற்கும். சிறியது, பெரியது என்னும் இரு குறிகளையும் சேர்த்து முன்னால் இட்டால் ‘இல்லாதது’ என்று பொருள். நட்சத்திரம் ஏதும் இடாமல் வெறுமனே ‘மல்லி’ என்று எழுதினால், அந்தச் சொல்லில் தொடங்கும் எல்லாவற்றையும் அட்வான்ஸ்டு ஃபில்டர் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

இவ்வளவும் நோய் வந்தபின் செய்யும் வைத்தியம். பூக்களின் பெயர்களைத் தனித் தாளில் ஒருமுறை எழுதிவைத்து, டேட்டா வேலிடேஷன் மூலம் அந்தப் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும்படி செய்துவிட்டால், விடிகாலைச் சந்தை நெருக்கடியில் யார் உட்கார்ந்து ஏற்றினாலும் ஒரே எழுத்துதான் விழும். ஊர்ப் பத்திக்கும் இதுவே பொருந்தும். ‘திருப்பரங்குன்றம்’, ‘தி.குன்றம்’, ‘திருப்பரங் குன்றம்’ என்று மூன்றையும் உங்கள் கோப்பில் கண்டேன். ஒரே ஓர் எச்சரிக்கை: வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்தக் காவல் தடுக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு நாள் கணக்கு முடிந்ததும் ஒரு வரியை வெறுமையாக விட்டு அடுத்த நாளைத் தொடங்குவது பேரேட்டுப் பழக்கம். காகிதத்தில் அது அழகு. எக்செலிலோ ஃபில்டர் அந்த வெற்று வரியோடு பட்டியல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருப்பவை ஃபில்டருக்கு உட்படாமல் அப்படியே நிற்கும். வேண்டாத வரிகள் தென்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். வெற்று வரிகளை நீக்கிவிட்டு, பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று கண்ட்ரோல், டி ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தி அதை டேபிளாக மாற்றிவிடுங்கள். நாளை சேர்க்கும் வரியும் தானாக அதற்குள் அடங்கிவிடும்.

மொத்தத்தைப் பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். ‘சம்’ (SUM) என்னும் செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், மறைந்த வரிகளையும் சேர்த்தே கூட்டும். கண்முன் நிற்பதை மட்டும் கூட்ட வேண்டுமானால் ‘சப்டோட்டல்’ (SUBTOTAL) என்பதை எழுதி, முதல் எண்ணாக 9 இட வேண்டும். அங்கே 109 என்று இட்டால், ஃபில்டர் மறைத்தவற்றோடு நீங்கள் கையால் மறைத்த வரிகளையும் விட்டுவிட்டுக் கூட்டும். விவசாயிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் முன் இந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; மற்றவை எரிச்சலூட்டும் அளவோடு நிற்பவை, இது பணம்.

கேள்வி: தேடுதல், ஃபில்டர், வரிசைப்படுத்துதல் மூன்றுக்கும் என்ன வேறுபாடு? தேர்வுக்குக் கேட்கிறார்கள். (திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: தேடுதல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு உங்களை அழைத்துச் செல்லும், பட்டியலை மாற்றாது. ஃபில்டர் பொருந்தாத வரிகளை மறைக்கும், ஆனால் அழிக்காது. எக்செலில் வரி எண்கள் நீல நிறமாக மாறியிருந்தால் சில வரிகள் மறைந்திருக்கின்றன என்று அறியலாம். வரிசைப்படுத்துதல் மட்டுமே வரிகளை உண்மையாக இடம்மாற்றி வைக்கிறது. ஆகவே மூன்றிலும் ஆபத்தானது அதுதான்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையாண்டபோது, மதிப்பெண் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து இறங்குவரிசையில் அடுக்கச் சொன்னேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் கேட்ட கேள்வியைப் படிக்காமல், வேண்டாம் என்பதை அழுத்திவிட்டேன். பெயர்கள் அப்படியே நிற்க, மதிப்பெண்கள் மட்டும் இறங்குவரிசைக்கு வந்தன. பட்டியலின் முதல் பெயருக்கு உரிய மாணவர் ஒரே நொடியில் நிலையத்தின் முதல் மாணவர் ஆனார். கோப்பைச் சேமித்து மூடியும் விட்டேன். விடைத்தாள் கட்டுகளை மீண்டும் அவிழ்த்தே அதைச் சரிசெய்ய முடிந்தது.

தேடுதலைப் பற்றித் தேர்வில் கேட்கமாட்டார்கள் என்றாலும் பயன்படக்கூடிய ஒரு செய்தி: ஃபைண்ட் பெட்டி, நீங்கள் முன்பு இட்ட விருப்பங்களை எக்செலை மூடும்வரை நினைவில் வைத்திருக்கும். காலையில் ‘கட்டம் முழுவதும் பொருந்த வேண்டும்’ என்று குறியிட்டிருந்தால், மாலையில் பெயரின் ஒரு பகுதியை மட்டும் இட்டுத் தேடும்போது எதுவும் கிடைக்கவில்லை என்றே சொல்லும்.

கேள்வி: விளக்குத்தூண் பகுதியில் ஜவுளி மொத்த வியாபாரம். தீபாவளிக்கு முன் பழைய பாக்கியை வசூலிக்க, ஆகஸ்ட் 1க்கு முந்தைய பில்களை மட்டும் ஃபில்டர் செய்தோம். அக்டோபரில் சரக்கு எடுத்த ஒரு கடைக்காரருக்கு மே மாதப் பாக்கி என்று கடிதம் போய், அவர் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டார். பில் எங்களிடம் சரியாகத்தான் இருக்கிறது. கணினியில் எப்படி மாறியது?

பதில்: கணினி உங்களிடம் அமெரிக்க வழக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் 05/10/2024 என்று இடுவதை அது அக்டோபர் 5 என்று கொள்ளாமல் மே 10 என்று கொள்ளும். 25/10/2024 என்று இட்டால் இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இரண்டுமே திரையில் ஏறக்குறைய நீங்கள் இட்டதுபோலவே தெரியும். இதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது.

எக்செல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1ஐ 1 என்று கொண்டு எக்செல் எண்ணும் கணக்கில், 2024ஆம் ஆண்டின் பொங்கல் நாளான ஜனவரி 15க்கு 45,306 என்ற எண் வரும். ‘ஆகஸ்ட் 1க்கு முன்’ என்னும் ஃபில்டர் இந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது. எழுத்தாகக் கிடக்கும் தேதிகளுக்கு எண் இல்லாததால் அவை எந்த ஒப்பீட்டுக்கும் வருவதில்லை. ஆக, உங்கள் வசூல் பட்டியலில் இரட்டைக் கோளாறு நடந்திருக்கிறது: உண்மையாகவே பாக்கி வைத்திருந்த சிலர் தப்பித்துக்கொண்டார்கள், பாவம் அந்த அக்டோபர்க்காரர் மாட்டிக்கொண்டார்.

கண்டுபிடிப்பது எளிது. தேதிப் பத்தியின் ஃபில்டர் அம்பை அழுத்தினால், உண்மையான தேதிகள் ஆண்டு, மாதம் என்று கிளைகளாக அடுக்கப்பட்டிருக்கும். எழுத்தாகக் கிடப்பவை அவற்றுக்குக் கீழே தனித்தனியாக நிற்கும். ஓரமைப்பை (அலைன்மென்டை) யாரும் மாற்றாதிருந்தால், உண்மைத் தேதி கட்டத்தின் வலப்புறமும் எழுத்து இடப்புறமும் ஒட்டியிருப்பதைக் கொண்டும் அறியலாம்.

சரிசெய்யும்போது அவசரப்படாதீர்கள். கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் கண்ட்ரோல் பேனலில் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றுங்கள். இனி ஏற்றுபவை சரியாக விழும். பழையவை தாமாக மாறமாட்டா. எழுத்தாக இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்னும் வசதியின் கடைசிப் படியில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் குறிப்பிட்டால் அவை தேதியாகிவிடும். ஏற்கெனவே புரண்டுபோனவற்றுக்கு இது உதவாது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புதிய பத்தி அமைத்து, ‘டேட்’ செயற்கூறுக்குள் ஆண்டை ஆண்டாகவும், மாதத்தின் இடத்தில் நாளையும், நாளின் இடத்தில் மாதத்தையும் இட்டுத் திருப்ப வேண்டும். எவை புரண்டவை என்பதற்குப் பில் எண்ணே சாட்சி: பில் எண் ஏறிக்கொண்டே போகும்போது தேதி மட்டும் திடீரென்று பின்னோக்கிப் பாய்ந்தால் அந்த வரியில் சந்தேகம் கொள்ளலாம். கோப்பு முழுவதும் இந்த அமைப்பிலேயே ஏற்றப்பட்டிருந்தால், உண்மைத் தேதியாகப் பதிவானவற்றில் நாளின் எண் 12ஐத் தாண்டியே இருக்காது.

அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. அதற்குச் செயற்கூறு இல்லை.

கேள்வி: உசிலம்பட்டி அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பத்தாண்டுகளுக்கும் மேலான மாணவர் பெயர்ப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பழைய மாணவர் சான்றிதழ் கேட்டு வரும்போது, ‘கௌசல்யா’ என்று தேடினால் சில ஆண்டுகளின் பட்டியலில் கிடைக்கிறது, சிலவற்றில் கிடைப்பதில்லை. அச்சிட்டுப் பார்த்தால் எழுத்து ஒன்றுபோலவே இருக்கிறது. தமிழில் தேடவே முடியாதா?

பதில்: முடியும். ஆனால் தமிழில் ஒரே தோற்றத்தை இரண்டு மூன்று விதமாகத் தட்டச்சு செய்ய வழி இருப்பதால், கணினிக்கு அவை வேறு வேறாகின்றன. உங்கள் கடிதத்தில் எடுத்துக்காட்டாக வந்த பெயரே இதற்குச் சரியான சான்று.

ஒருங்குறியில் (யூனிகோடில்) ஔகாரக் குறி ஒரே குறியீடு. பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் ‘கெ’ என்று இட்டு, அதன் பின் ‘ள’ என்னும் எழுத்தைத் தனியே இடுவார்கள். தாளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒரு பட்டியலில் ‘கௌசல்யா’ என்றும், இன்னொன்றில் உண்மையில் ‘கெள’ என்று தொடங்கியும் இருந்தால், முதலாவதைத் தேடும்போது இரண்டாவது வராது. ‘ஔவை’ என்பதை ‘ஒ’ போட்டு ‘ள’ போட்டு எழுதுவதும் இதே கதைதான். அப்படியானால் எல்லா ‘கெள’வையும் ‘கௌ’ என்று ஒரே அடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும், செய்துவிடாதீர்கள். பெயர்ப் பத்தியில் தப்பித்துவிடலாம், ஆனால் மீன் கடைப் பட்டியலில் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். ‘தெளிவு’, ‘ஒளி’ போன்ற சொற்களில் ளகரம் உண்மையான எழுத்து. ஆகவே ஃபில்டரில் ‘கெள’ என்று இட்டு வரும் வரிகளைக் கண்ணால் பார்த்தபின், பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுவதே முறை.

‘ஸ்ரீ’ என்பது இன்னும் நுட்பமானது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியும் ஒரே குறியீடாக இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறி விதி சொல்கிறது, ஆனாலும் எல்லா மென்பொருளும் அதைப் பின்பற்றுவதில்லை. இவற்றோடு, காலுக்குப் பதில் ‘ர’ இடுவதும், வேறிடத்திலிருந்து நகலெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகள் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

இதுவரை சொன்னது ஒருங்குறியில் உள்ள பட்டியல்களுக்கு. நீங்கள் அனுப்பிய கோப்புகளில் மிகப் பழையவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அது வேறு உலகம். அங்கே உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், மேலே போர்த்திய சட்டைதான் தமிழ். பாமினியில் ‘அம்மா’ என்று தெரியும் இடத்தில் கணினி சேமித்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். நீங்கள் ஒருங்குறியில் தட்டச்சு செய்து தேடும் ‘அம்மா’வுக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை. எழுத்துருவை மாற்றினால் சரியாகும் என்று பலர் முயல்கிறார்கள். சட்டையைக் கழற்றியதும் ஆங்கிலக் குறிகள் வெளியே தெரியும், அவ்வளவுதான். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 (TACE16) என்னும் தமிழ்க் குறியீட்டையும் தரமாக ஏற்று 2010இல் ஆணை பிறப்பித்தது. அதற்குப் பின்னரும் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களில் வாழ்ந்துகொண்டிருப்பதற்கு, தட்டச்சு செய்பவரின் விரல் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். எக்செலில் கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும் என்பார்கள். தமிழில் அது ஒரு குறியீட்டுக்குப் பதிலாகத்தான் நிற்கிறது. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினி அதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தை எண்ணும். ஆகவே தமிழில் கேள்விக்குறியை நம்பாமல் நட்சத்திரத்தையே பயன்படுத்துங்கள். அடுத்தது அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. நம் நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் கடைசியில் வருபவை. தமிழ் வரிசைமுறை அறிந்த மென்பொருள் இதைச் சரியாக அடுக்கிவிடும், அறியாதது குறியீட்டு எண்ணைக் கொண்டு அடுக்கும். ஃபில்டர் பட்டியலில் ஒரு பெயரை எதிர்பார்த்த இடத்தில் காணவில்லையென்றால், இல்லை என்று முடிவு செய்யாமல் கொஞ்சம் மேலும் கீழும் பாருங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் பெயரை நம்பித் தேடவே மாட்டேன். சேர்க்கை எண்ணும் சேர்ந்த ஆண்டும் தனிப் பத்திகளாக இருக்கட்டும்; தலைப்பெழுத்தைப் பெயரோடு ஒட்டாமல் அதற்கென ஒரு பத்தி கொடுங்கள். ‘செ.’ என்று புள்ளியோடு எழுதியவரும், புள்ளியில்லாமல் எழுதியவரும், பெயருக்குப் பின்னால் எழுதியவரும் அப்போது உங்களைத் தொல்லை செய்யமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. நான் வாடிப்பட்டியில் ஃபில்டர் போட்டால் சோழவந்தானில் இருக்கும் செயலாளர் அக்காவுக்கும் வரிகள் மறைந்துவிடுகின்றன. அவர் பதறிப்போய், கணக்கை அழித்துவிட்டாயா என்று கேட்கிறார்.

பதில்: அழியவில்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். சாதாரண ஃபில்டர் கோப்பைத் திறந்திருக்கும் அனைவருக்கும் பொது. டேட்டா பட்டியலில் ‘ஃபில்டர் வியூ’ என்று தனியே ஒன்று உண்டு. அதை உருவாக்கி ஒரு பெயர் சூட்டிக்கொண்டால் உங்கள் திரையில் மட்டும் வரிகள் மறையும். பார்க்க மட்டும் அனுமதி பெற்ற உறுப்பினரும் தமக்கென்று தற்காலிகமாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மதுரையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். கடைகளுக்கான செயலியில் வாடிக்கையாளர் அட்டவணைக்கு மேலே ஒரு தேடல் பெட்டி வைத்தோம். சோதனையில் நன்றாக ஓடியது. இரண்டு லட்சம் வரிகள் சேர்ந்தபின் ஒவ்வொரு எழுத்துக்கும் திரை உறைகிறது; போதாததற்கு, இருக்கும் வாடிக்கையாளரை இல்லை என்றும் சொல்கிறது.

பதில்: இரண்டாவதையே முதலில் கவனிக்க வேண்டும், மெதுவாகச் சொல்வதைவிடத் தவறாகச் சொல்வது கேடு. பக்கத்துக்கு 25 வரிகள் என்று காட்டும் அட்டவணைகளில், தேடல் பெட்டி கைவசம் இறங்கியுள்ள அந்த 25க்குள் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று சொல்வது மிகப் பரவலான பிழை. சில நூறு வரிகள் என்றால் எல்லாவற்றையும் திரைக்கு அனுப்பி அங்கேயே வடித்துக்கொள்ளலாம்; இரண்டு லட்சம் என்றால் தேடுசொல் சர்வருக்குப் போய், தரவுத்தளமே தேடி, விடையின் முதல் பக்கத்தைத் திருப்பியனுப்ப வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் ஓர் அகராதியைப் போன்றது. ‘மீனா’ என்று தொடங்கும் சொற்களை அகராதியில் உடனே எடுத்துவிடலாம். ‘னாட்சி’ என்று முடியும் சொல்லைக் கேட்டால் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டத்தான் வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.இன் லைக் (LIKE) நிபந்தனையில், தேடுசொல்லுக்கு முன்னால் விழுக்காட்டுக் குறி (எக்செலின் நட்சத்திரம் போன்றது) இட்டிருப்பீர்கள். அப்படி இட்டால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. தொடக்க எழுத்துத் தேடலே போதுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள், பெரும்பாலும் போதும் என்பார். போதாதென்றால் முழுவுரைத் தேடலுக்கான இண்டெக்ஸையோ, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் உள்ள மூவெழுத்து இண்டெக்ஸையோ நாட வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் சர்வரைத் தட்டாமல், தட்டச்சு நின்று ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்துக் கேட்கும்படி செய்யுங்கள். முந்தைய கேள்விக்கான விடை பிந்தி வந்தால் அதை வீசிவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியில் ஒரு பெயரும் கீழே வேறொரு பெயருக்கான விடையும் நிற்கும்.

தொலைபேசி எண்ணை இலக்கங்களாக மட்டும் சேமியுங்கள். ஒருவர் +91 சேர்த்தும், ஒருவர் நடுவில் இடம்விட்டும் ஏற்றியிருப்பதை ஃபில்டரால் ஒன்றுசேர்க்க முடியாது. பயனர் தட்டச்சு செய்ததை எஸ்.க்யூ.எல். கட்டளையோடு நேரடியாக ஒட்டாமல் தனி மதிப்பாக, அதாவது பாராமீட்டராகவே அனுப்புங்கள். ‘ஊர் மதுரை அல்லாத’ என்று கேட்கும்போது, ஊர் பதியப்படாமல் வெறுமையாக (NULL) உள்ள வரிகளை எஸ்.க்யூ.எல். தராது என்பதையும் மறக்க வேண்டாம்; எக்செலில் அதே ஃபில்டர் வெற்றுக் கட்டங்களையும் காட்டுவதால், இரண்டிலும் எண்ணிக்கை வேறுபட்டு உங்கள் மேல் பழி வரும். அட்டவணையின் தலையில் ‘2,00,000இல் 37’ என்பதுபோல எப்போதும் எழுதிக் காட்டுங்கள். ஃபில்டர் போட்டதை மறந்தவர் சரக்கே இல்லை என்று முடிவு கட்டாமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் பழைய பில்லிங் மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பு 65,536ஆவது வரியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய எந்தப் பில்லைத் தேடினாலும் கிடைப்பதில்லை. (மேலூர்)

பதில்: தேடலில் குறையில்லை, அந்த வரிகள் கோப்புக்குள் வரவேயில்லை. பழைய எக்ஸ்.எல்.எஸ். வகைக் கோப்பின் எல்லை 65,536 வரிகள். எக்செல் 2007இல் வந்த எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வகையில் 10,48,576 வரிகள்வரை போகலாம். அந்த வகையிலோ சி.எஸ்.வி. என்னும் வெற்றுரைக் கோப்பாகவோ இறக்கிப் பாருங்கள். இது சிற்றூர் ஆலைக்கு மட்டும் நேர்வதன்று: 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் இதே பழைய வகைக் கோப்பைப் பயன்படுத்தியதால், 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேராமல் போயிற்று.

கேள்வி: அதே ஆலையில் இன்னொரு சிக்கல். லாரி வாடகை மாறிய வரிகளை மட்டும் ஃபில்டர் செய்து, புதிய வாடகைகளை வேறு தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டினோம். ஃபில்டரை எடுத்துப் பார்த்தால் சம்பந்தமில்லாத வரிகளில் எல்லாம் வாடகை மாறிக் கிடக்கிறது.

பதில்: எக்செலில் பல கட்டங்களை ஒன்றாக ஒட்டும்போது அவை மறைந்த வரிகளிலும் தொடர்ச்சியாக விழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே வாடகை என்றால், ஃபில்டர் போட்டபின் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட் விசையோடு அரைப்புள்ளியை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரிபவை மட்டும் தேர்வாகும். தொகையைத் தட்டி, கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் அவற்றில் மட்டும் நிரம்பும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வாடகை என்றால், முதலில் ஒரு பத்தியில் 1, 2, 3 என்று வரிசை எண் இட்டுக்கொண்டு, மாற வேண்டிய வரிகள் அடுத்தடுத்து வரும்படி பட்டியல் முழுவதையும் வரிசைப்படுத்தி, ஒட்டிவிட்டு, பின்பு அந்த வரிசை எண்ணைக் கொண்டே பழைய நிலைக்குத் திருப்புங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்புக்கு நேற்றைய நகல் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் லாரிக்காரர்களிடம் உள்ள ரசீதுகளோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கும்.